இங்கிலீஸ் மாமாவின் முழங்கால்

என்னோடு பாரிசின் லா சப்பலில் வளர்ந்த நீங்கள் எல்லோரும் இப்போது எபினேயிலும் அதற்கு அப்பாலும் வீடு வாங்கிப் போய்விட்டீர்கள். கலியாண வீடுகளில் கண்டால், மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டுத்தான் ஒருவரை ஒருவர் மட்டுப்பிடிக்கிறோம். அண்மையில் அப்படி ஒரு கலியாணத்தில் பழைய வகுப்புத் தோழி ஒருத்தி என் காதுக்குள் கத்தினாள்: "உங்கடை கதவுக்கு முன்னாலை ஒரு வெள்ளைக்காரப் பந்தடிகாரர் இருந்தவர் எல்லே? அவருக்கும் கொப்பாவுக்கும் என்ன பிரச்சினை வந்தது?" மேளச் சத்தத்தில் சொல்லி முடிக்கக்கூடிய கதையல்ல அது. அதனால் எழுதுகிறேன்.

ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில் எங்கள் கட்டடத்தின் மரப்படிகளில் உங்களில் பலர் அவரைக் கண்டிருப்பீர்கள். மூன்றாம் மாடியில் எங்கள் கதவுக்கு நேர் எதிர்க் கதவு. படியில் தலை குனிந்து ஏற வேண்டிய உயரம், உடைந்து பொருந்திய மூக்கு. ஒரு காலத்தில் இங்கிலாந்தின் முதற் பிரிவில் கோல் அடித்துப் பெயரெடுத்த சென்ரர் போர்வேட். வயது ஏற ஏறக் கழகங்கள் சின்னதாகிக்கொண்டே வந்து, கடைசியில் பாரிசின் வடக்குப் புறநகரில் ஊருக்கு வெளியே யாருக்கும் தெரியாத ஒரு கழகத்துக்கு விளையாட வந்திருந்தார். கழகத் தலைவருக்குச் சொந்தமான அறையில் அவரை இருத்தியிருந்தார்கள். அவருடைய பெயரை எழுதப்போவதில்லை. எங்கள் வீட்டில் அந்தப் பெயர் புழங்கியதும் இல்லை. அவர் எங்களுக்கு இங்கிலீஸ் மாமா.

இலையுதிர் காலத்து ஒரு பின்னேரம் அவர் முதன்முதலாக எங்கள் கதவைத் தட்டினார். எனக்குப் பத்து வயது. அந்த நாட்களில் யாரும் கதவைத் தட்டினால் அப்பாவின் கை தானாகச் சட்டைப் பையில் வதிவிட அனுமதிக் கார்த் இருக்கிறதா என்று தடவிப் பார்க்கும். அன்றும் தடவிக்கொண்டுதான் திறந்தார். வாசலில் வெறுங் கோப்பை ஒன்றைப் பிடித்தபடி அவர் நின்றார். அம்மா அப்போதுதான் இஞ்சி தட்டிப்போட்டுப் பால்தேத்தண்ணி கொதிக்க வைத்திருந்தாள். அவர் தன் மூக்கைத் தொட்டுக் காட்டினார். பிறகு எங்கள் குசினிப் பக்கம் விரலை நீட்டி, "ரீ?" என்றார்.

அப்பா கொழும்பில் ஒரு கப்பல் கொம்பனியில் ஆங்கிலத்தில் கடிதம் எழுதிய மனிதர். பாரிசுக்கு வந்த பிறகு அந்த ஆங்கிலத்துக்கு வேலையே இருக்கவில்லை. பிரெஞ்சு அவருக்குப் பிடிபடவில்லை. ஸ்டாலின்கிராட் மெத்ரோப் பக்கம் ஒரு ரெஸ்ரோறன்ரில் கோப்பை கழுவுவார். கந்தோர்களுக்குப் போனால் நான்தான் கதைப்பேன். அவர் பக்கத்துக் கதிரையில் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு இருப்பார். அன்று வாசலில் அவர் வாயிலிருந்து ஆங்கிலம் வரத் தொடங்கியபோது, நானும் அம்மாவும் குசினிக் கதவடியில் நின்று பார்த்தோம். அப்பாவுக்கு இவ்வளவு பேச்சு உண்டென்று எனக்கு அதுவரை தெரியாது.

வந்தவர் தன் பெயரைச் சொன்னதும் அப்பா கதவுப் பிடியை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"இஞ்சேரும், இஞ்சை ஓடி வாரும்! ஆர் வந்து நிக்கிறார் எண்டு தெரியுமே?"

"தேத்தண்ணிக்கு வந்து நிக்கிறார். அதுதான் தெரியுது," என்றாள் அம்மா. "ஆளை உள்ளுக்கு வரச்சொல்லுங்கோ."

கொழும்பில் விடுதியில் இருந்த காலத்தில், சனிக்கிழமைகளில் வானொலிப் பெட்டியோடு ஒட்டிக் கிடந்து இங்கிலாந்துப் பந்தாட்டம் கேட்பாராம் அப்பா. இந்த மனிதர் ஒரு கிண்ணப் போட்டியின் அரையிறுதியில் அடித்த கோல் அவருக்கு நேர்முக வர்ணனையோடு பாடம். அன்றைக்கே அதை எங்கள் கட்டிலுக்கும் அலுமாரிக்கும் நடுவில் நடித்துக் காட்டினார். இடப்பக்கமிருந்து பந்து வருகிறது, இவர் பாய்கிறார், அந்தரத்தில் தலையால் மோதுகிறார், வலை ஆடுகிறது.

இங்கிலீஸ் மாமா தேத்தண்ணியை ஊதி ஊதிக் குடித்துவிட்டு ஏதோ சொன்னார். அப்பா முகத்தைச் சுளித்துக்கொண்டு எங்களுக்கு மொழிபெயர்த்தார்: "பந்து காதிலை பட்டுப் போனதாம். தான் கண்ணை மூடிக்கொண்டு நிண்டவராம்." பிறகு தானே தீர்ப்பும் சொன்னார்: "அது அவர் மறந்துபோனார். நான் கேட்டனான். பாய்ஞ்சுதான் அடிச்சவர்."

அதற்குப் பிறகு ஒவ்வொரு பின்னேரமும் அந்தக் கோப்பை எங்கள் வாசலுக்கு வந்தது. அவருடைய அறையின் மணம் இன்னும் என் மூக்கில் இருக்கிறது: யன்னலில் தொங்கும் சப்பாத்துகளின் ஈரத்தோல், அதற்குப் பூசும் மெழுகு, காஸ் அடுப்பு. மெழுகு ஒரு பச்சைத் தகர டப்பாவில் இருக்கும். மூடியைத் திறப்பதற்கென்றே நான் போவேன். அவர் சப்பாத்துக்கு மெழுகு பூசுவது குழந்தைக்கு எண்ணெய் வைப்பதைப் போல இருக்கும். வலது முழங்காலுக்கு ஒரு நீளத் துணிச்சுருள் சுற்றுவார். ஒருநாள் அம்மா அதைக் கண்டுவிட்டு, ஊரிலிருந்து வந்த தைலப் போத்தலைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். பூசிக்கொண்டு பயிற்சிக்குப் போனவர், உடுப்பு மாற்றும் அறையில் அதன் நெடிக்குப் பக்கத்தில் ஒருவரும் இருக்கவில்லை என்று வந்து சொன்னார். ஆனாலும் விடாமல் பூசினார்.

குசினி மேசையில் நான் அவருக்குப் பிரெஞ்சு சொல்லிக் கொடுத்தேன். என்னுடைய பாலர் வகுப்புப் புத்தகம்தான் பாடநூல். முயலும் நரியும் கதைப்பதை அவர் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு வாசிப்பார். இங்கிலாந்தில் அவருக்கு என் வயதில் ஒரு மகள் இருந்தாள். தாய் அவளைக் கூட்டிக்கொண்டு வேறாகப் போயிருந்தாள். இது எனக்குப் பிற்காலத்தில்தான் தெரியவந்தது. நான் ஒரு சொல்லைத் திருத்தினால் அவர் ஏன் அப்படிச் சிரித்துக்கொண்டு என்னையே பார்த்தார் என்பதும் அப்போதுதான் விளங்கியது.

ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்கு ஓய்வு. நாங்கள் இரண்டுபேரும் ரயிலேறி அவருடைய ஆட்டம் பார்க்கப் போவோம். புல்லைவிடச் சேறு கூடுதலான மைதானம். சொசேஜ் வாட்டும் புகை. கம்பி வேலியில் சாய்ந்து நிற்கும் கிழவர்கள். அவர் ஓடுவது குறைவு. நடந்துகொண்டே இருப்பார், எல்லோரும் அவரை மறந்த நேரத்தில் பந்து வந்து விழும் இடத்தில் நிற்பார். "பாத்தியே பிள்ளை, அந்தாள் பந்துக்குப் பின்னாலை போறேல்லை. பந்துதான் அவரிட்டை வருது," என்பார் அப்பா.

பயிற்சியாளருக்கு ஆங்கிலம் தெரியாது. எங்களைக் கண்டதும் அவருக்கு வழி கிடைத்துவிட்டது. அவர் என்னிடம் பிரெஞ்சில் கத்துவார். நான் அப்பாவிடம் தமிழில் சொல்வேன். அப்பா வேலிக்கு மேலால் ஆங்கிலத்தில் கத்துவார். ஒருமுறை பயிற்சியாளர் கெட்ட வார்த்தை சேர்த்து, "முன்னாலேயே நிற்கச் சொல்!" என்றார். நான் கெட்ட வார்த்தையை விட்டுவிட்டு, "முன்னுக்கு நிக்கட்டாம்" என்றேன். அப்பா அதை ஒரு நீண்ட, மரியாதையான வசனமாக்கிச் சொல்லி முடிப்பதற்குள் பந்து மற்றப் பக்கம் போய்விட்டது. வேலிக் கிழவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். பிரெஞ்சுக்காரர் நடுவில் அப்பா சிரித்து நான் கண்டது அதுதான் முதல் தடவை.

குளிர் இறுகியபோது அது நடந்தது. யாரும் இடிக்கவில்லை. பந்தை வாங்கித் திரும்பியவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டதும் அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு அவரோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார். எலும்புப் படத்தை வெளிச்சப் பெட்டியில் மாட்டிவிட்டு, டொக்டர் கதிரையை எனக்கு எதிரே இழுத்துப் போட்டார். சின்னப் பிள்ளைக்கு விளங்கும் சொற்களாகத் தேடித் தேடிச் சொன்னார். முழங்காலுக்குள் மெத்தை மாதிரி ஒன்று இருக்க வேண்டும். இவருக்கு அது தேய்ந்து முடிந்துவிட்டது. இனிப் பந்தடிக்கக் கூடாது. அடித்தால் வாழ்நாள் முழுக்க நொண்டித்தான் நடப்பார். "செ ஃபினி," என்று கடைசியில் மெல்லச் சொன்னார். முடிந்துவிட்டது.

நான் அப்பாவிடம் சொன்னேன். "இனி விளையாடவே கூடாதாம் அப்பா. முழங்காலுக்குள்ளை இருந்த மெத்தை முடிஞ்சுதாம். விளையாடினா, சாகுமட்டும் நொண்டுவாராம்."

அப்பா வெளிச்சப் பெட்டியைப் பார்த்தார். பிறகு கட்டிலில் காலை நீட்டியிருந்தவரைப் பார்த்தார். அவர் அப்பாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு நெடுநேரம் பேசினார். எனக்கு அதில் ஓரிரு சொற்கள்தான் பிடிபட்டன. ஓய்வு என்பது ஒன்று. வசந்தகாலம் என்பது இன்னொன்று.

இங்கிலீஸ் மாமாவின் முகம் மலர்ந்தது. கட்டிலில் எழுந்திருந்து டொக்டரின் கையைப் பிடித்து, நான் பழக்கிக் கொடுத்தபடி அழகாக, "மெர்சி, டொக்தர்!" என்றார். டொக்டர் எங்களை மாறி மாறிப் பார்த்தது எனக்கு இப்போதும் தெரிகிறது.

மெத்ரோப் படியில் நான் கேட்டேன். "சொல்லிப்போட்டீங்களே அப்பா?"

"சொல்ல வேண்டியதைச் சொன்னனான்."

"அப்ப ஏன் அவர் சிரிச்சவர்?"

"பிள்ளை, குளிருது. தொப்பியைப் போடு."

அடுத்து வந்த வாரங்கள் எங்கள் வீட்டில் ஒரு திருவிழா மாதிரி. அவர் காலை இன்னொரு கதிரையில் நீட்டி, எங்கள் குசினியிலேயே இருந்தார். புட்டுச் சாப்பிடப் பழகினார். கருவாட்டுக்கு மட்டும் யன்னலைத் திறந்துவிட்டுப் போவார். அப்பா வேலைக்குப் போகும்வரை பக்கத்தில் இருந்து அவரிடம் பழைய ஆட்டங்களைக் கேட்பார். வீக்கம் வற்றியது. வசந்தத்தில் என்னென்ன கோல் அடிக்கலாம் என்று மேசையில் உப்புப் போத்தலையும் மிளகுப் போத்தலையும் நகர்த்தி இரண்டுபேரும் திட்டம் போட்டார்கள்.

ஒருநாள் காலை, ஸ்டாலின்கிராட் சந்தையில் மரக்கறி வாங்கிக்கொண்டு வந்த அம்மா, அவர் கால்வாய்க் கரையில் ஓடுவதைக் கண்டாள். வீட்டுக்கு வந்து, பைகளை இறக்காமலே என்னைக் கேட்டாள்.

"டொக்டர் அண்டைக்கு என்னடி சொன்னவர்? ஓடலாமோ?"

நான் டொக்டர் சொன்னதைச் சொன்னேன். அம்மா பைகளை நிலத்தில் வைத்தாள். ஒரு வெங்காயம் உருண்டு கட்டிலுக்குக் கீழே போனது. அவள் எடுக்கவில்லை.

அப்பா சவரம் செய்துகொண்டிருந்தார்.

"ஒரு மனிசன்ரை காலிலை நீங்கள் என்ன விளையாட்டு விளையாடுறியள்?"

"சத்தம் போடாதையும். அங்காலை கேக்கும்."

"கேக்கட்டும். தமிழ் விளங்கினால் அந்தாளுக்கு நல்லது."

அப்பா சவர்க்கார நுரையோடு திரும்பினார். "பந்தடியை விட்டா அந்தாளுக்கு வேறை என்ன கிடக்கு? குடும்பம் இல்லை. வேலை தெரியாது. வசந்தம் வரட்டும், ரெண்டொரு கோல் அடிக்கட்டும். பிறகு நானே சொல்லுவன். ஆளின்ரை முகத்தை நீர் பாக்கேல்லை, ஆஸ்பத்திரியிலை. நான் பாத்தனான். என்னாலை ஏலாமல் போச்சு."

"உங்களாலை ஏலாட்டி எனக்கு ஏலும்," என்றாள் அம்மா.

அவள் தேத்தண்ணி ஊற்றினாள். கோப்பையை ஒரு கையில், என்னை ஒரு கையில் பிடித்துக்கொண்டு எதிர்க் கதவைத் தட்டினாள். அம்மாவுக்கு ஆங்கிலம் ஏழெட்டுச் சொல் வரும். வியர்வையோடு வந்து திறந்தவரின் முழங்காலைச் சுட்டினாள். "புட்போல், நோ," என்றாள். "டொக்டர்... நோ." அதற்கு மேல் சொல் கிடைக்காமல், கண் கலங்கி, என் முதுகில் கைவைத்து முன்னே தள்ளினாள். "நீ சொல்லு பிள்ளை. அவருக்கு விளங்கும்படி சொல்லு."

அவர் கட்டில் விளிம்பில் இருந்தார். என் உயரத்துக்கு வந்தார். நான், முயல் கதையை வாசித்துக் காட்டும் அதே வேகத்தில், டொக்டர் சொன்னதைப் பிரெஞ்சில் ஒவ்வொரு சொல்லாகச் சொன்னேன். மெத்தை. தேய்ந்துவிட்டது. விளையாடினால் நொண்டி. செ ஃபினி.

"இன்னொருக்கால்," என்றார் அவர் பிரெஞ்சில்.

இன்னொருக்கால் சொன்னேன்.

"உன் அப்பா... ஏன்?"

நான் அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் தேத்தண்ணியைக் கடைசிவரை குடித்தார். வழக்கமாகக் கோப்பையை அம்மாதான் வாங்கிக் கழுவுவாள். அன்று அவரே கழுவித் துடைத்து, இரண்டு கையாலும் அம்மாவிடம் கொடுத்தார். அம்மா திரும்பி வரும்போது, "சரி, இனி வரமாட்டார்," என்றாள்.

அவர் வரவில்லை. பின்னேரங்களில் அம்மா பழக்கதோஷத்தில் கூடுதலாகப் பால் வைத்துவிட்டு, மிச்சத்தை எனக்கு ஊற்றினாள். படிகளில் காலடிச் சத்தம் கேட்டால் அப்பா சாப்பாட்டை நிறுத்துவார். கதவைத் திறந்து ஒரு சொல் சொல்லலாம்தானே என்று அம்மா கேட்டதற்கு, "என்ன பாஷையிலை?" என்று மட்டும் சொன்னார்.

இப்போது நான் அன்றைய அப்பாவைவிட மூத்தவள். அவர் அன்று செய்தது பிழைதான். அதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. ஆனால் அந்த ஆஸ்பத்திரி அறையை நினைக்கும்போது ஒன்று தெரிகிறது. இந்த நகரத்தில் எந்தக் கந்தோரிலும், எந்தக் கவுண்டர் யன்னலிலும் அப்பாவின் வாய்ச்சொல்லுக்கு யாரும் காத்திருந்ததில்லை. முதன்முதலாக ஒரு மனிதர் அவர் என்ன சொல்வார் என்று காத்திருந்தார். அந்த மனிதருக்குக் கொடுக்க அவரிடம் இருந்தது அந்த ஒரு செய்திதான். அதைக் கொடுக்க மனம் வரவில்லை.

ஒரு புதன்கிழமை, எங்களுக்குப் பள்ளிக்கூடம் இல்லாத நாள், கதவு தட்டப்பட்டது. அப்பா பாய்ந்து போய்த் திறந்தார். இங்கிலீஸ் மாமா அவரைத் தாண்டி அம்மாவைப் பார்த்து, என்னைத் தன்னோடு அனுப்ப முடியுமா என்று பிரெஞ்சில் கேட்டார். நான் மொழிபெயர்த்தேன். அம்மா எனக்குக் குளிர்ச்சட்டை போட்டுவிட்டாள்.

மைதானத்தில் பயிற்சியாளர் பந்துகளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார். இந்தமுறை நடுவில் நான் ஒருத்திதான். இங்கிலீஸ் மாமா தன் அரைகுறைப் பிரெஞ்சில் முழங்காலைப் பற்றித் தொடங்கினார்; சொல் தட்டிய இடங்களில் நான் முடித்து வைத்தேன். பயிற்சியாளர் ஒரு வாளியை உதைத்தார். பிறகு அதைத் தானே எடுத்துக் கவிழ்த்து வைத்து அதில் உட்கார்ந்தார். புதன்கிழமைகளில் சின்னப் பிள்ளைகளுக்குப் பழக்க ஆளில்லை என்றார். "கால் வேண்டாம். தலைக்குள் இருப்பதைச் சொல்லிக் கொடுத்தால் போதும் என்று சொல்."

நான் சொன்னேன். அவர் காற்றடித்த பந்தொன்றைக் கையில் எடுத்துக்கொண்டு, "உய்," என்றார். ஓம்.

அந்த வசந்தம் முழுக்கப் புதன்கிழமைகளில் நான் அவரோடு போனேன். பிள்ளைகள் அவருடைய உச்சரிப்பைக் கேட்டு முதலில் கெக்கட்டமிட்டுச் சிரித்தார்கள். ஆனால் அவர் ஒருவனைத் தோளில் பிடித்து ஓரிடத்தில் நிறுத்தி, "பொறு... பொறு..." என்பார். பந்து எங்கெங்கோ பட்டுத் திரும்பி, அவன் காலடியில் வந்து நிற்கும். அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

மரங்களில் தளிர் வந்திருந்த ஒருநாள், வேலிக்கு அப்பால் அப்பா நிற்பதைக் கண்டேன். வேலைக்குப் போகும் கறுப்புச் சப்பாத்து, நல்ல கோட்டு. எவ்வளவு நேரமாக நின்றாரோ. இங்கிலீஸ் மாமாவும் கண்டுவிட்டார். அப்பா வேலியைச் சுற்றி நடந்து வந்து, அவர் முன் நின்று ஆங்கிலத்தில் கதைத்தார். இந்தமுறை நீளமான வசனங்கள் இல்லை. மன்னிப்புக் கேட்கும் "சொறி" என்ற சொல் எனக்கும் விளங்கியது.

 இங்கிலீஸ் மாமா நிலத்தில் கிடந்த பந்துக்காப்பாளர் கையுறைகளை எடுத்து அப்பாவின் நெஞ்சில் எறிந்தார். கோல் கம்பத்தைக் காட்டினார்.

அப்பா இளம் வயதில் ஊர்க் கழகத்தில் கோல் காத்தவர். அவரிடம் எப்போதோ சொல்லியிருப்பார் போலும். கோட்டைக் கழற்றி என்னிடம் தந்துவிட்டுப் போய் நின்றார். பிள்ளைகள் வரிசையில் வந்து அடித்தார்கள். முதல் பந்துகள் எல்லாம் உள்ளே போயின. பிறகு ஒன்றுக்கு அப்பா பக்கவாட்டில் பாய்ந்தார். வேலைச் சப்பாத்தோடு, வெள்ளைச் சேட்டோடு, சேற்றில் நெஞ்சடிபட விழுந்து, பந்தைக் கட்டிப்பிடித்தபடி கிடந்தார். இங்கிலீஸ் மாமா கைகளைத் தூக்கிக்கொண்டு ஏதோ கத்தினார். எழுப்பிவிடக் கை கொடுத்தவர் நெடுநேரம் கையை விடவில்லை.

திரும்பும் ரயிலில் அவர் அப்பாவிடம் ஏதோ சொன்னார்.

"என்னவாம் அப்பா?"

"இனிமேல் ஆர் என்ன சொன்னாலும் அப்பிடியே சொல்லட்டாம்."

"இதை அப்பிடியே சொல்லுறீங்களோ?"

"இதுக்கை கொஞ்சம் கெட்ட வார்த்தை கிடந்தது," என்றார் அப்பா. "அதை மட்டும் விட்டுப்போட்டன்."

கோடை தொடங்கியதும் அவர் ஊருக்குப் புறப்பட்டார். பிறந்த ஊர்க் கழகத்தில் சிறுவர்களைப் பழக்கும் வேலை கிடைத்திருந்தது. மகள் தாயோடு இருக்கும் இடத்துக்குப் பக்கம் என்று சொன்னார். பிற்காலத்தில் அவர் பழக்கிய ஒருவனை நாங்கள் தொலைக்காட்சியில் பார்த்தோம். பந்துக்குப் பின்னால் ஓடாமல் நின்றான்.

அவரை வழியனுப்பக் கார் து நோர் ரயில் நிலையத்துக்கு நடந்தே போனோம். பெட்டியை அப்பா தூக்கினார். மேடையில் அம்மா ஒரு தைலப் போத்தலைப் பேப்பரில் சுற்றி அவர் கையில் திணித்தாள். அவர் என் நெற்றியில் கைவைத்து, முயல் கதையின் கடைசி வரியை ஒரு பிழையும் விடாமல் பிரெஞ்சில் சொன்னார். அப்பாவும் அவரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். ஒரு பாஷையும் பேசவில்லை.

பிறகு அவர் பெட்டியை எடுத்துக்கொண்டு நடந்தார். ரயில் நீளமானது, அவருடைய வண்டி எங்கோ முன்னால் இருந்தது. நானும் அம்மாவும் கையசைத்துக்கொண்டிருந்தோம். அப்பா கையசைக்கவில்லை. அவர் கண் அந்த மனிதரின் கால்களில் இருந்தது. வலது, இடது, வலது. சனங்களுக்குள் மறைந்து, மீண்டும் தெரிந்து, இன்னும் தூரத்தில் அந்த நீளக் கால்கள் போய்க்கொண்டிருந்தன.

"பாத்தீரே," என்றார் அப்பா, அம்மாவின் பக்கம் திரும்பாமலே. "நொண்டேல்லை."

"ஓம்," என்றாள் அம்மா. "நேராத்தான் போறார்."